குணவதியின் மகன் படித்த இடம்

என் அம்மா குணவதிக்குப் பொய் சொல்ல வராது. வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யையும் எட்டு வருடமாக என் தலையில் கட்டிவைத்திருந்தார். என் தம்பி றொய்சன் அமெரிக்காவில் யூனிவேசிற்றியில் படிக்கிறான் என்பதுதான் அது.

உண்மையில் அவன் போனது கன்சாஸில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த கெற்றில் கிறீக் கம்யூனிற்றி கொலிஜுக்கு. யூனிவேசிற்றிக்கு ஒரு படி கீழே, இரண்டு வருடப் படிப்பு. ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் எங்கள் தமிழ் ஆட்களிடம் கொலிஜ் என்று சொல்லிப் பாருங்கள், "அப்ப மாக்ஸ் காணேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தேநீரையே வாயில் வைப்பார்கள். ஊரார் பிள்ளைகளின் மாக்ஸை எல்லாம் விசாரித்துத் திரிந்தவர் அம்மா. இப்போது வசமாக மாட்டிக்கொண்டார்.

தம்பிக்குப் படிப்பு ஓடவில்லை என்பது உண்மைதான். கிரிக்கெட்டும் ஓடவில்லை. கோடையில் அப்பாவின் பழைய மாணவர் சங்கம் வைக்கும் போட்டியில் அவன் மட்டையைப் பிடித்தால் முட்டைதான். ஆனால் எல்லைக்கோட்டில் நின்று பந்தை எறிந்தான் என்றால் பிடிக்க ஆளில்லை. ஒருநாள் விக்கெட் காத்த கஸ்பர் அங்கிளின் விரல் முறிந்தது. அதற்குப் பிறகு சங்கம் அவனைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பேஸ்போல் அணி கூப்பிட்டது.

எந்த யூனிவேசிற்றியும் இடம் தராதபோது அந்தக் கொலிஜ் தந்தது. அங்கிருந்து ஓர் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போல் அணி, ஆள் எடுக்கும் கடைசிச் சுற்றில், போனால் போகிறது என்று அவனைத் தெரிவு செய்தது. பிறகு ஆறு வருடம், பெரிய அணிக்குக் கீழே இருக்கும் மைனர் லீக். பஸ்ஸில் பத்து மணித்தியாலம், ஓர் அறையில் நாலு பேர், முழங்கையில் ஒரு சத்திரசிகிச்சை, அதனால் ஒரு வருடம் வீண். இந்தக் காலத்துக்குள் அம்மா அவனுக்கு மாஸ்டர்ஸ் முடித்துக்கொடுத்து, பிஎச்டியும் தொடங்கிவைத்துவிட்டார்.

இந்த ஏப்ரலில் அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"இந்த வரியமும் மேலை எடுக்காட்டி திரும்பி வாறன் அக்கா. இலெக்ரீசியன் வேலை பழகப்போறன்."

அவனுக்கு இருபத்தாறு வயது. குரலில் பகிடியே இல்லை. போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. அம்மா, தான் வேலைசெய்யும் அஜின்கோர்ட் ரேக்அவுட் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டு நின்றார். சாப்பாடு எடுக்கப் போன நான் பக்கத்தில் நின்றேன். போன் அடித்தது. கையெல்லாம் மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா, மேஜர் லீக்குக்குக் கூப்பிட்டிட்டினம்."

"எங்கை வரச்சொல்லி?"

"ரொறன்ரோவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கடை ஊர் அணிக்கு எதிரா விளையாடுறம்."

அம்மா மாவோடேயே போனைப் பறித்துக் காதில் வைத்தார்.

ஞாயிறு மத்தியானம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மைதானத்துக்குப் போனோம். நாலாவதாக, ரிக்கெற் எடுத்துத் தந்த யோகராணி அன்ரியும் வந்தார். அந்தப் பிஎச்டி கதையை அதிகம் கேட்டவர் அவர்தான்; படிப்புக்கிடையில் விளையாடுகிறான் என்று நம்பியிருந்தார்.

ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸில், பந்து எறிய றொய்சன் மைதானத்துக்குள் நடந்து வந்தான். அவனுடைய அணி ஒரே ஓர் ஓட்டம் முன்னால். ரொறன்ரோ ஆட்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் இன்னிங்ஸ் முடியும். பெரிய திரையில் அவன் முகம் வந்தது. கீழே எழுத்துகள்: முதல் ஆட்டம், பிறந்த இடம் ஸ்காபரோ, படித்தது கெற்றில் கிறீக் கம்யூனிற்றி கொலிஜ்.

யோகராணி அன்ரி அதை ஆறுதலாக வாசித்தார்.

"என்ன குணவதியக்கா, கொலிஜ் எண்டு போட்டிருக்கு?"

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் பொப்கோர்னைப் பார்த்தேன். ஏதாவது புழுகலாம் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா எழும்பி நின்றார்.

"ஓம் யோகராணி, கொலிஜ்தான். வெக்கத்திலை நான்தான் பொய் சொன்னனான். அந்தக் கொலிஜ் எடுத்தபடியாத்தான் என்ரை பிள்ளை உதிலை வந்து நிக்கிறான்."

முதல் பந்துக்கு மட்டைக்காரர் காற்றை அடித்தார். இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது, மட்டை அசையுமுன் பிடிப்பவரின் கையுறைக்குள் போய் அறைந்தது; மூன்றும் தவறினால் ஆள் வெளியே. ரொறன்ரோ ரசிகர்கள் நாற்பதாயிரம் பேர் வாயடைத்துப் போனார்கள். எங்கள் பகுதியில் அம்மா மட்டும் நின்று கைதட்டினார்.

முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பி, உங்களுடைய மகனா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிய அம்மா, அவர் கேட்காமலே, மகன் படித்த கொலிஜின் பெயரையும் முழுதாகச் சொன்னார்.