306-ஆம் எஞ்சினின் கோடு

ஆர்லன் ப்ரூக்னருக்கு வலது கண்ணில் புரை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர், கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வாஷ்பேசின் வெள்ளையாக இருந்தது. அது வெள்ளை என்பது அவருக்குத் தெரியாததல்ல, வாங்கி வைத்ததே அவர்தான். ஆனால் இப்படி நீலம் போட்டு வெளுத்த வெள்ளையாக அதை அவர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். பேசின் பாலாடை நிறத்துக்குப் போனது. திரும்ப வலது கண், வெள்ளை. இடது கண், பாலாடை.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக ரயில் புகைப்பட ஸ்லைடுகள் இருந்த அறைக்குப் போனார்.

விஸ்கான்சினில் ஹாலண்டர்ஸ் பாயிண்ட் என்ற அந்த ஏரிக்கரை ஊரில், ஹார்ட்வேர் கடையின் பெயிண்ட் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் நின்றவர் ஆர்லன். ஒரு சட்டைப் பொத்தானைக் கொடுத்தால் போதும், அதே நிறத்தில் ஒரு கேன் கலந்து கொடுத்துவிடுவார். ஆட்கள் அவர் கண்ணை நம்பினார்கள், அவரும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கண்ணை வாப்பனீ நார்தர்ன் ரயில் கம்பெனிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவருக்குப் பத்தொன்பது வயதில் அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியது. இரண்டே வருஷத்தில் கையிலிருந்த டீசல் எஞ்சின்கள் அத்தனைக்கும் சாம்பல் நிறம் அடித்தாயிற்று. பழைய கரும்பச்சை உடம்பும், அதன் குறுக்கே மூக்கிலிருந்து வால் வரை ஓடிய ஒற்றைக் கோடும் ஸ்லைடுகளில் மட்டும் மிஞ்சின. ஆயிரத்து நூறு ஸ்லைடு வைத்திருந்தார். எந்த எஞ்சினுக்கு எந்த வருஷம் எந்தப் பச்சை என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடும் போட்டிருந்தார். பொம்மை ரயில் செய்கிறவர்கள் நாடு முழுக்க அதை வைத்துத்தான் வண்ணம் அடித்தார்கள். கோடு க்ரீம் நிறம் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

அதை மறுத்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். வெர்னா டெஸ்லாஃப், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வாப்பனீயில் எஞ்சின் ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாப்பனீ ரயில் ஆர்வலர் சங்கக் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று சொன்னார். "அந்தக் கோடு வெள்ளைங்க. நான் பார்த்திருக்கேன்."

"உங்கப்பா எஞ்சின் ஓட்டினாரு, வெர்னா. பெயிண்ட் கலக்கல. நான் கலந்திருக்கேன்" என்றார் ஆர்லன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வெர்னா கூட்டத்துக்கு வருவார், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவார், ஆர்லன் பக்கம் மட்டும் திரும்பமாட்டார்.

இப்போது ஆர்லன் ஸ்லைடுகளை விளக்குப் பெட்டியின்மேல் பரப்பி ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றிப் பார்த்தார். இடது கண்ணில் கோடு க்ரீம். வலது கண்ணில் வெள்ளை. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அதேதான். சனிக்கிழமை 306-க்கு வண்ணம் அடிக்கப் போகிறார்கள். வாப்பனீயில் மிஞ்சியிருக்கும் ஒரே எஞ்சின் அது. சாம்பல் அடிக்கும் முன்பே விற்றுப்போய், தானியக் கிடங்குக்காரர்களிடம் நாற்பது வருஷம் ஆரஞ்சு நிறத்தில் உழைத்துவிட்டுச் சங்கத்திடம் வந்திருந்தது. க்ரீம் பெயிண்ட் ஏற்கெனவே கேன் கேனாகச் சங்கத்தின் ஷெட்டில் இருக்கிறது. அதைக் கலந்ததும் அவர்தான். அன்று வியாழன்.

மகள் மார்லிஸ் சொட்டு மருந்து போட வந்தபோது அவர் சாப்பாட்டைத் தொட்டிருக்கவில்லை.

"மார்லிஸ், இந்தத் தட்டு என்ன கலர்?"

"வெள்ளைப்பா. ஏன், கண்ணு மங்கலா இருக்கா?"

"இல்ல. நல்லாத் தெரியுது. அதான் பிரச்சனை."

ஆபரேஷன் ஆன கண்ணில் கொஞ்ச நாள் எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவள் நினைவுபடுத்தினாள். அது அவரை இன்னும் கலக்கியது. அப்படியென்றால் இந்தக் கண்ணையும் நம்ப முடியாது. ஒரு கண் பழுப்பைப் பூசுகிறது, ஒரு கண் நீலத்தைப் பூசுகிறது. ஒன்பது வயதில் ரயில்வே கேட்டில் நின்று பார்த்தது என்ன நிறம் என்று நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார். க்ரீம் என்றுதான் வந்தது. ஆனால் அது ஒன்பது வயது ஞாபகமா, சமீப வருஷங்களில் புரைக் கண்ணோடு ஸ்லைடைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த ஞாபகமா?

வெள்ளிக்கிழமை முழுக்க டெலிபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மாலையில் சங்கத் தலைவர் டுவேன் பெல்கியே கூப்பிட்டுவிட்டார்.

"யோவ் ஆர்லன், நல்ல சேதி. சைடுல தானியக்காரன் அடிச்சு வெச்ச இரும்புப் பலகை இருக்குல்ல, துருப்பிடிச்ச போல்ட்டு, அதை இன்னிக்கு வெட்டி எடுத்துட்டோம். அடியில ஆரஞ்சே படல. அசல் கோடு. சும்மா வெண்ணெய் மாதிரி க்ரீம் கலரு. நீ சொன்னது கரெக்ட்டு. காலைல வா, பார்க்கலாம்."

ஆர்லன் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் உடம்பே லேசான மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு கவுண்டரில் பழகிய அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சுவரில் படத்தைக் கழற்றினால் பின்னால் மஞ்சளாக இருக்கிறது, மட்டமான பெயிண்ட்டைக் கொடுத்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர். எண்ணெய் கலந்த வெள்ளை, வெளிச்சம் படாமல் கிடந்தால் மஞ்சளாகிவிடும். வெயிலில் வைத்தால் திரும்ப வெளுக்கும். அத்தனை பேருக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பலகைக்கு அடியில் நாற்பது வருஷ இருட்டு.

சங்கத்தில் இது வேறு யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறக்காவிட்டால் நாளை மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சனிக்கிழமை மார்லிஸ் அவரைக் கறுப்புக் கண்ணாடியோடு ஷெட்டில் இறக்கிவிட்டாள். தூசிக்குப் பக்கத்தில் போகாதே என்று மூன்று தடவை சொன்னாள். பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் கை கொடுத்தார். இன்னொருவர் வெர்னா இருந்த பக்கம் பார்த்து, "என்னம்மா, இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்றார். வெர்னா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

ஆர்லன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கவாட்டில் பலகை இருந்த அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் அது க்ரீம்தான். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டுவேன், இன்னிக்கு அடிக்க வேணாம்."

"என்னது?"

"இது இருட்டுல கிடந்து மஞ்சளானதா இருக்கலாம். பாதிக்கு டேப் ஒட்டுங்க. எஞ்சினை வெளியே தள்ளி, இந்தப் பக்கம் தெற்கே பார்க்கற மாதிரி நிறுத்துங்க. ரெண்டு வாரம் வெயில் படட்டும்."

"ஏம்பா, ஸ்ப்ரே அடிக்கிறவன் லாக்ராஸ்லேருந்து வந்து நிக்கிறான். நீதான சொன்ன க்ரீம்னு? ஆறு வருஷமா நீதான சொல்ற?"

"சொன்னேன். கண்ணுல புரையை வெச்சிக்கிட்டு சொன்னேன். ஸ்லைடும் இப்ப வேற மாதிரி தெரியுது."

ஸ்ப்ரே அடிக்கிறவர் வாட்சைப் பார்த்தார். வெர்னா நோட்டை மூடிவிட்டு வந்து, கருவிப் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, அந்தக் கட்டத்தின் கீழ்ப்பாதியில் விரலால் அழுத்தி ஒட்டினார். ஆர்லனைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் ஐந்து நாள் மழை. ஆர்லன் தூங்கவில்லை. வெளுக்காமல் போனால் வேலையைக் கெடுத்த பைத்தியக்காரன். வெளுத்தால் நாடு முழுக்கத் தவறான கோடு அடிக்க வைத்தவன். எது வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. தினமும் மார்லிஸைக் கெஞ்சி ஷெட்டுக்குப் போனார். தள்ளி நின்று பார்ப்பார், திரும்பிவிடுவார். பதினான்காம் நாள் வெர்னாவும் அங்கே இருந்தார்.

"என் கண்ணை நான் நம்பல. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார் ஆர்லன்.

"டேப்பை எடுத்தாதான் சொல்ல முடியும்."

"எடுங்க."

வெர்னா நகத்தால் மெதுவாக உரித்தார். கீழ்ப்பாதி வெண்ணெய் நிறத்தில் இருந்தது. மேல்பாதி இல்லை.

"வெள்ளை" என்றார் வெர்னா. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்து, "சுத்த வெள்ளைன்னு சொல்ல முடியாது. ஆனா க்ரீம் இல்ல."

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றார் அவர். டேப்பைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்டில் 306 வெள்ளைக் கோட்டோடு ஷெட்டை விட்டு வெளியே வந்தது. ஆர்லன் கையேட்டைத் திருத்தி அச்சடித்து, பழையதை வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் கையால் கடிதம் எழுதிச் சேர்த்து அனுப்பினார். முகவரி எழுதித் தந்தது வெர்னா. இருபது பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர் நாற்பது வண்டிகளுக்குக் க்ரீம் கோடு அடித்தேன், நீ நாசமாய்ப் போ என்று எழுதினார். அதற்கும் பதில் எழுதினார்.

இப்போது அவருக்குப் பச்சையைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்கிறது. இடது கண்ணுக்கும் தேதி குறித்தாயிற்று, நவம்பரில். அதுவரை எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்கிறார் வெர்னா. ஆனால் ஆர்லன் தினமும் ஒரு தடவையாவது ஸ்லைடை எடுத்து, ஜன்னலோரம் போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறார்.