மொன்டானாவுக்கு ஒரே நாற்காலி இருந்தபோது

என் ஓரகத்தி டெஸ் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். காபியைக்கூட சமையலறை ஜன்னலோரம் நின்றபடிதான் குடிப்பாள். மேற்கே பியூட்டில் செம்புச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, கிழக்கே எங்கள் சர்க்கிள் ஊருக்கு ஆர்லோவின் மனைவியாக வந்தவள். ஆர்லோ என் கணவரின் அண்ணன். கோதுமை விவசாயி, அதிகம் பேசாதவர்.

தொண்ணூறாம் வருடக் கணக்கெடுப்பில் எங்கள் ஜனத்தொகை போதவில்லை என்று, வாஷிங்டன் மக்கள் சபையில் எங்கள் மொன்டானா மாநிலத்துக்கு இருந்த இரண்டு இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதுவரை மேற்குக்கு ஓர் ஆள், கிழக்குக்கு ஓர் ஆள். இனி மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. அடுத்த தேர்தலில் இருவரும் ஒரே இடத்துக்கு நேருக்கு நேர் நின்றார்கள்.

டெஸ் மேற்கின் ஆளுக்காக எங்கள் ஊரிலேயே கதவு கதவாகத் தட்டக் கிளம்பினாள்.

"போறதுன்னா போ" என்றார் ஆர்லோ. "ஆனா லாரிய எடுக்காத. அதுல எங்கப்பா பேரு எழுதியிருக்கு."

அவள் தன் பழைய காரை எடுத்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். காபிக் கடையில் ஆர்லோவின் சித்தப்பா மகன் ஆர்வில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்: "ஏன் டெஸ், இருபது வருஷமா எங்க கோதுமையத் தின்னுட்டு, ஓட்டு மட்டும் சுரங்கத்துக்கா?"

"உன் வீட்டு கரண்ட் கம்பி எதுல செஞ்சது ஆர்வில்? கோதுமையிலயா?"

கடை சிரித்தது. ஆர்வில் சிரிக்கவில்லை.

அறுவடை இயந்திரம் அவனுடையது. வருடாவருடம் தன் வயலை முடித்த கையோடு ஆர்லோவின் வயலுக்கு ஓட்டி வருவான். அந்த ஆகஸ்டில் வரவில்லை. இன்று, நாளை என்றான். கதிர் முற்றி உதிரத் தொடங்கியது. ஒரு மாலை மேற்கு வானம் பச்சையாக மாறியது, ஆலங்கட்டி கொட்டியது. கால் மணி நேரம்கூட இருக்காது. நாங்கள் போய்ப் பார்த்தபோது, வயல் மொத்தமும் யாரோ உருட்டுக்கட்டையால் அடித்துப் போட்டதுபோல் படுத்துக் கிடந்தது.

ஆர்லோ வரப்பில் நின்று ஒரு கதிரை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"திட்டு ஆர்லோ. என்னாலதானே? வாயத் திறந்து திட்டிடேன்."

"சாப்பிடப் போலாம், வா" என்றார் அவர்.

அவர் திட்டாததை அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இருப்பது இன்னும் குறைந்தது. நவம்பரில் அவள் ஆள்தான் ஜெயித்தார், கொஞ்ச வித்தியாசத்தில். செய்தி வந்தபோது அவள் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். "சரி" என்றாள், வாருவதை நிறுத்தவில்லை.

அந்தக் குளிரில்தான் ஆர்வில் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியிலேயே நின்றான். அவன் மகன் டெனி வளைகுடாப் போரிலிருந்து திரும்பியதிலிருந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். ராணுவ ஆஸ்பத்திரி மாநிலத்தின் மறுகோடியில் இருந்தது. எத்தனை முறை போன் செய்தும் தேதி கிடைக்கவில்லை.

"உங்காளுதானே ஜெயிச்சிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தாள். தேதி கிடைத்ததும் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள், என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு. பின்சீட்டில் டெனி தூங்கிவிட்டான்.

"ஆகஸ்ட்ல ஏன் வரல?" என்று கேட்டாள் டெஸ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மிஷின்ல பெல்ட் போயிடுச்சு."

"பொய்."

இரண்டு ஊர்கள் கடந்து போயின. பிறகு ஆர்வில், "ஆமா. பொய்தான்" என்றான். "ஆலங்கட்டி விழும்னு நெனைக்கல டெஸ். ஒரு வாரம் தவிக்க விடலாம்னுதான் இருந்தேன்."

"ஆர்லோகிட்ட சொல்லு. எங்கிட்ட இல்ல."

அவன் சொன்னான். ஆர்லோ என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் முதல் வயலாக ஆர்லோவினுடையதைத்தான் ஆர்வில் அறுத்தான்.

அதற்குப் பிறகு டெஸ்ஸை யாரும் விடவில்லை. முதியவர் பென்ஷன், கிணற்றுத் தகராறு, மூடப்போகிற தபாலாபீஸ் என்று வந்துகொண்டே இருந்தார்கள். நாற்காலியில் ஆள் மாறினார், கட்சி மாறியது. யாராக இருந்தாலும் இவள் அந்த அலுவலகத்தைக் கூப்பிடுவாள். போன் போதாவிட்டால் கார். ஆர்லோ தனியாகவே சாப்பிடப் பழகிவிட்டார்.

தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து அவர் விழுந்தபோதும் அவள் பியூட்டில்தான் இருந்தாள், சுரங்கத்தில் வேலை பார்த்த தன் அண்ணனின் நுரையீரல் நோய்க்கு உதவித்தொகை கேட்டு அலைந்துகொண்டு. நான்தான் ஆர்லோவைக் கண்டெடுத்தேன். அவள் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு போய்விட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கோடை முழுக்க அவள் எங்கும் போகவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பாள். "எங்கயாவது போயிட்டு வா டெஸ்" என்று நானே கெஞ்சினேன். "போனதெல்லாம் போதாதா?" என்றாள். பனி விழுந்ததும் மறுபடி கிளம்பிவிட்டாள். சந்தோஷமாகக் கிளம்பினாள் என்று சொல்ல மாட்டேன்.

முப்பது வருடம் கழித்து இப்போது ஜனத்தொகை கூடிவிட்டதென்று போன இரண்டாவது இடத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மாநிலத்தின் குறுக்கே கோடு விழுந்தது. பியூட் அந்தப் பக்கம், சர்க்கிள் இந்தப் பக்கம். அவள் அண்ணன் போனில் இருமலுக்கு நடுவே சிரித்தார்: "இனிமே உனக்கு வேற ஆளு, எனக்கு வேற ஆளு. நிம்மதியா தூங்கு."

அவள் தூங்கவில்லை. "ஒண்ணாக்கினப்ப அடிச்சிக்கிட்டோம். இப்பப் பிரிச்சா எனக்கு ஏன் பிடிக்கல ஜோலீன்?" என்று என்னைக் கேட்டாள்.

போன வாரம் மேற்கின் புது அலுவலகத்துக்கு அண்ணனுக்காகப் போன் செய்தாள். ஒரு பெண் மரியாதையாக, "நீங்க எங்க தொகுதி இல்லீங்களேம்மா" என்றாள்.

"நான் இல்ல. எங்கண்ணன் இருக்காரு. அவர் இருமுறது கேக்கணுமா?" என்று கத்திவிட்டு வைத்தாள் டெஸ். பிறகு காருக்கு பெட்ரோல் போடப் போனாள்.