தங்கையின் பெயரில்

வழக்குப் போட்டவள் ஜனெல்தான். ஆனால் தன் குற்றப் பதிவை மூடுவது அவளுக்கு இரண்டாம்பட்சம். தங்கை கோரின் தன்னோடு ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தாள். திட்டினாலும் சரி. எங்கள் டொலீடோ என்ன பெரிய ஊரா? ஆற்றுக்கு இந்தக் கரையில் அக்கா, அந்தக் கரையில் தங்கை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், பாலத்தில் எதிரே வரும் கார்களுக்குள் ஜனெல் தங்கை முகத்தைத் தேடுவாள். கண்டுவிட்டால் என்ன செய்வாளாம்? கையாட்டக்கூடத் தைரியம் கிடையாது. இருந்தாலும் தேடுவாள்.

கோரின் பேசாததற்குக் காரணம் உண்டு, சும்மா சொல்லக்கூடாது. ஜனெலுக்குப் பதினெட்டு வயதில் டுவைன் என்றொருவன் காதலன் வேஷம் போட்டு வந்தான். பாவி! நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் அவளை விற்றான். மாட்டேன் என்றால் அடி. போலீஸ் வந்தால் பிடிபடுவது அவள்தான். அவன் காரில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். "மாட்டினா சொந்தப் பேரைச் சொல்லித் தொலைக்காதடி" என்று மிரட்டி வைத்திருந்தான். முதல் முறை மாட்டியபோது போலீஸ்காரர் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார். ஜனெல் தங்கையுடையதைச் சொன்னாள். அந்த நரகத்தில் விழுந்த பெண்கள் பலர் செய்கிற தப்புதான் இது. அந்த நேரத்தில் புதிதாக ஒரு பிறந்தநாளை இட்டுக்கட்ட யாருக்கு வரும்?

அடுத்த முறையும் அதே பெயர். அதற்கடுத்த முறையும்.

கோரின் அப்போது நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்க்குமுன் அவள் பெயரில் போலீஸ் பதிவு உண்டா என்று பார்த்தார்கள். விபசாரம், விபசாரம், மறுபடி விபசாரம். வேலை போச்சு. 'அது நான் இல்லை' என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள், யார் நம்பினார்கள்? சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரவே ஆள் வரவில்லை. இப்போது டயர் கடையில் பில் போடுகிறாள்.

டுவைன் ஒருவழியாக ஜெயிலுக்குப் போனான். ஜனெல் மீண்டு வந்தாள். இலவச வக்கீல் யோலண்டா அவளுக்காக மனுப் போட்டாள். கட்டாயப்படுத்தி விற்கப்பட்ட பெண்கள்மேல் விழுந்த வழக்குகளை நீதிபதி நினைத்தால் அழிக்கலாம். பதிவை முத்திரையிட்டு மூடிவிடலாம்.

"கதவைச் சாத்திட்டு விசாரிக்கணும்னு கேட்டு வாங்கறேன், கண்ணு. உள்ள வேண்டாத ஆள் ஒருத்தர் இருக்க மாட்டாங்க" என்றாள் யோலண்டா.

"வேணாம். கதவு திறந்தே இருக்கட்டும்."

"ஏம்மா, உனக்கு மண்டை கிண்டை குழம்பிடுச்சா? மூடறதுக்குத்தானே இந்தப் பாடு படறோம்!"

"மூடிட்டா, அவ பேர்ல மாட்டினது நான்தான்னு காட்டற தாளும் சேந்துல்ல மூடிக்கும்? அப்புறம் கோரி பேச்சை எவ நம்புவா? ஒரே ஒரு தடவை எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிடறேன். அப்புறம் மூடட்டும்."

பெயர் தன்னுடையது என்பதால் கோரினும் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கதவு திறந்திருக்கும் என்று கேள்விப்பட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? சர்ச்சில் தன்னைப் பற்றி அதிகம் பேசிய இரண்டு பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். கெட்டிக்காரி! டயர் கடைச் சட்டையோடு சாட்சி சொல்லிவிட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

ஜனெல் எல்லாவற்றையும் சொன்னாள். டுவைனை, அடியை, லாரிகளை. "அந்தப் பேர் என் தங்கச்சியோடது. அவ ஒரு தப்பும் பண்ணல. அத்தனையும் நான்" என்றாள். சர்ச்சுப் பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நன்றாகக் குனியட்டும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "முதல் தடவை பயத்துல சொன்னீங்க, புரியுது. திரும்பத் திரும்ப அதே பேரை ஏம்மா சொன்னீங்க?"

யோலண்டா தடுக்க எழுந்தாள். ஜனெல் அதற்குள் பேசிவிட்டாள்.

"ஜெயில்ல காலையில பேர் கூப்பிடுவாங்க, ஐயா. 'கோரின்'னு கூப்பிடுவாங்க. அந்தப் பேரைக் கேக்க எனக்கு வேற இடம் இல்ல. கேட்டதும் திரும்பிப் பாப்பேன். அவ வந்துட்ட மாதிரியே இருக்கும். வேற பேர் சொன்னா அதுவும் போயிடுமேன்னு... அவ பொழப்பு கெடும்னு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, வழக்குகள் அழிக்கப்படுகின்றன, எந்தப் பதிவிலும் கோரினின் பெயர் இருக்கக்கூடாது, மற்றதெல்லாம் மூடப்படட்டும் என்று உத்தரவு போட்டார். யோலண்டா ஜனெலைக் கட்டிக்கொண்டாள். ஜனெல் அவள் தோளுக்கு மேலாகத் தங்கையைத் தேடினாள். முதல் வரிசை காலி.

பதறிப்போய் வெளியே ஓடினாள். லிப்ட் பக்கத்தில் கோரின் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகத்தில் கோபம் குறையவில்லை.

"பேரைக் கேக்கறதுக்காகவா என் நர்ஸ் வேலையத் தின்ன?"

"ஆமா, கோரி."

"லூசாடி நீ?"

"ஆமா."

லிப்ட் திறந்தது. கோரின் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு கீழே போய்விட்டது.

"இனிமே என்னைப் பாக்கணும்னு தோணுச்சுன்னா போன் பண்ணு. என் பேரைக் கொண்டுபோய் எவன்கிட்டயும் குடுக்காத."

"உன் நம்பர் எங்கிட்ட இல்லையே" என்றாள் ஜனெல்.

கோரின் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் போனைக் கேட்டுக் கையை நீட்டினாள்.