சகலை கொண்டுவந்த நான்கு பலகைகள்

விரல்கள் இருபக்கமும் ஒட்டும் டேப்பைக் கிழித்துத் தடித்த தாங்குபலகையின் மேல் வரிசையாக ஒட்டுகின்றன. அதன்மேல் ஆறு மில்லி கனமுள்ள மெல்லிய பலகையை வைத்து, உள்ளங்கை மூலைக்கு மூலை அழுத்துகிறது. நழுவாதிருக்க முன்னும் பின்னும் ஒரு மரத்துண்டு. எங்கும் ஆணி இல்லை. மெஷின் கத்திக்கு ஆணி ஆகாது.

கைகளுக்கு உரியவரைத் தெருவில் ‘அரை மில்லி’ என்பார்கள். அரை மில்லி பிசகினால் மாட்டிய கதவையும் கழற்றிவிடுவார். யாரிடமும் தொழில் படிக்கவில்லை. மரத்தைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றது. அவருக்கு இருந்த ஒரே நோய், சகலை.

மனைவியின் தங்கை கணவன். அவனும் தச்சன்தான், பத்து வயது இளையவன். மாமனார் கடிகாரம் பழுதுபார்ப்பவர். “சின்ன மாப்பிள்ளை கை வச்சா மரம் பேசும்” என்பார். அரை மில்லி செய்துகொடுத்த அலமாரியைப் பற்றி, “நல்லா மூடுது” என்றதோடு சரி.

இப்போது மாமனாரின் மேசைக் கடிகாரத்துக்குப் பெட்டி. அதுவும் சகலைக்குத்தான் போயிற்று. மறைந்த மாமியாரின் தையல் மேசையை அறுத்து நான்கு பலகை எடுத்திருந்தான். மூன்று மில்லிக்கு இழைக்க வேண்டும். பலகையை ஒரே கனமாக இழைக்கும் மெஷின் அரை மில்லியிடம்தான் இருந்தது. அதனால் இன்று காலை இங்கே வந்தான்.

வந்தவன் முதல் பலகையை வெறுமனே மெஷினுக்குள் விட்டான். மெஷின் வாய்க்கு நேர் எதிரே நின்றான். உடையும் என்று அரை மில்லிக்குத் தெரியும். சொல்ல நாக்கு எழுந்தது. ‘மரம் பேசும்’ என்ற மாமனார் குரல் காதில் விழுந்தது. பேசட்டுமே என்று நின்றுவிட்டார்.

பேசியது. படீரென்று சிதறி, ஒரு சிராய் சகலையின் காதோரமாய்ப் பாய்ந்து மரத்தூள் மூட்டையில் குத்தி நின்றது. அரை மில்லி சுவிட்சை அணைத்தார்.

“அண்ணே, மெல்லிசுப் பலகைய நேரா விடக்கூடாதா? தெரியாமப் போச்சே!”

அந்தத் ‘தெரியாமப் போச்சே’ அவரைச் சுட்டது. டேப்பை எடுத்தார். மீதி மூன்றையும் தானே தாங்குபலகையில் ஒட்டினார்.

“பக்கவாட்டுல நில்லு. குனிஞ்சு உள்ள பாக்காத. பிடிச்சு இழுக்காத, அதுவா வரும். ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல சீவக்கூடாது.”

“உங்க பேரச் சொல்லித்தான் ஓட்டணும்னு சொல்லுங்க!”

சிரிப்பு வந்துவிட்டது. வந்ததே என்று அவருக்கு இன்னும் எரிச்சல்.

இழைத்த பலகையை டேப்பிலிருந்து வெடுக்கென்று பிரித்தால் முறியும். அடியில் தகட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். உடைந்ததற்கு வேறு மரத்தில் ஒன்று இழைத்து, அடிப்பலகையாக வைக்கச் சொன்னார். சகலை இணைத்து முடித்ததும் மூட்டுகளில் நகத்தை ஓட்டி இடுக்குத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மாமனார் கடைக்குப் போனார்கள். கடிகாரக்காரர் எதையும் கவிழ்த்துத்தான் பார்ப்பார்.

“அடியக் காட்டுங்க. இது அவ மேசை இல்லையே?”

“மாமா, நான்தான்…” என்று சகலை ஆரம்பித்தான்.

அரை மில்லிக்குத் திக்கென்றது. ஒப்புக்கொண்டால் அதற்கும் இவனுக்கு ஒரு மெச்சல் கிடைக்கும். அதையும் விடுவதா?

“உடையும்னு எனக்குத் தெரியும் மாமா. வேணும்னே சொல்லாம நின்னேன். இவன் காது தப்பிச்சது பெரிசு.”

“ஏன் மாப்பிள்ள?”

“நீங்க எப்பவும் இவனையே மெச்சுறீங்க.”

மாமனார் கண்ணில் லென்சை மாட்டி மற்ற மூன்று பலகைகளின் விளிம்பையும் வெகுநேரம் பார்த்தார்.

“இத இழைச்சது?”

“நான்.”

“ம். மூணும் ஒரே கனம்.”

மாமனார் இரண்டு கையையும் நீட்டினார். சகலை பிடித்திருந்த பக்கத்தையும் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, அரை மில்லி பெட்டியைக் கொடுத்தார்.