முதல் கார்டு டயகமவுக்கு

கிறிஸ்மஸ் கார்டைக் கையால் செய்து விற்பவனுக்கு நல்ல கை மட்டும் இருந்தால் போதாது, டிசம்பரில் கொஞ்சம் வெயிலும் வேண்டும். லிந்துலையில் அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. தோய்த்த போர்வையை வெளியே போடுவதும் உள்ளே எடுப்பதுமாக ஒரு வாரத்தைக் கழித்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

பெட்டி அடித்த கை

நான் வேலை பார்த்தது தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் இடத்தில். தூள் நிரப்பிய பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், எடை எல்லாவற்றையும் தகட்டு அச்சு வைத்துக் கறுப்பு மையால் அடிப்பேன். பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்த பிறகும் அதே வேலைதான். படம் வரைய யாரிடமும் படித்ததில்லை. தகட்டில் எழுத்து வெட்டத் தெரியும், அவ்வளவுதான்.

என் மனைவி பிலோமினா வேதக்காரி. நான் முருகனைக் கும்பிடுகிறவன். கல்யாணமான முதல் டிசம்பரில் அவளுக்கு ஒரு வாழ்த்துக் கார்டு செய்து கொடுத்தேன். தடித்த அட்டை, நாலு பக்கமும் கோடு, நடுவில் கறுப்பு மையில் பெரிய பெரிய எழுத்து. அவள் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. எத்தன கிலோன்னு போட மறந்துட்டீங்க."

அண்ணன் வீட்டு விலாசம்

அடுத்த வருஷம் அவளே படம் வெட்ட ஆரம்பித்தாள். பழைய எக்ஸ்ரே படத்தை பிளீச் தண்ணீரில் கழுவினால் கண்ணாடி போல் ஆகிவிடும். அதில் மாதாவையும், மாதா ஏறிப்போகும் கழுதையையும் பிளேடால் வெட்டுவாள். நட்சத்திரமும் மணியும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் செதுக்கிய முத்திரைகள். மை ஒற்றி அடிப்பது நான். மார்க்கரால் ஓரம் எழுதுவது அவள். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு ஹட்டனில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் நியாஸ் நானா கேட்டார். அப்படியே தொழிலாகிவிட்டது.

அவளுடைய அண்ணன் சூசை, டயகமப் பக்கம் தோட்டத்து லொறி ஓட்டியவர். வேதத்துக்கு வராத ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்றார். அவள் வந்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அடிக்கிற முதல் கார்டு டயகமவுக்குத்தான் போகும். அவளுடைய ஆசை பெரிதில்லை. அண்ணன் ஒரு தடவை எங்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். பதிலே வராத இடத்துக்கு எதற்கு முத்திரை ஒட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "கார்டு திரும்பி வரலைல்ல? அப்ப அது அவுங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. மொதல்ல அது போகட்டும், பெறகு நாம போவோம்" என்றாள்.

மூடுபனிக்கு வைத்தியம்

முத்திரை மை லேசில் காயாது. மூடுபனி வாசலோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வரும். ஒரு வருஷம் நட்சத்திரங்கள் எல்லாம் கசிந்து பூசணிப் பூ மாதிரி விரிந்துவிட்டன. அதன் பிறகு அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் கார்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டோம். நன்றாகவே காய்ந்தன. ஆனால் விறகுப் புகை, வெங்காயம் தாளித்தது, ரொட்டி சுட்டது எல்லாம் அட்டையில் ஏறிக்கொண்டது.

நியாஸ் நானா கார்டுக் கட்டைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். கடையில் சாமான் வாங்க வந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நானா ஒரு கார்டை எடுத்து விசிறிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, இத வாசிச்சிட்டு வைக்கிறதா, பொரிச்சுத் திங்கிறதா?"

வெள்ளை அடித்த மலை

கடையில் எங்கள் கார்டுக்குப் பக்கத்தில் அச்சடித்த கார்டுகளும் தொங்கும். அவற்றில் வீடும் மரமும் வெள்ளை வெளேரென்று இருக்கும். நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று தேயிலைச் செடிகளைப் பச்சை மையில் அடித்து, மேலே வெள்ளை மார்க்கரால் பனி தூவினேன். பிலோமினாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கார்டை முதலில் கையில் எடுத்தவர் ஓய்வுபெற்ற பெரிய கண்டாக்கு ஐயா. ஆயுள் முழுக்க மலையில் நின்று வேலை வாங்கியவர். தை மாதத்துப் பனி ஒரே இரவில் கொழுந்தைக் கருக்கிவிட்டால், பறிக்க ஒன்றுமில்லாமல் எத்தனை வீட்டில் வேலை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "பனி கருக்கின மலையப் போயி யாருய்யா வாழ்த்துன்னு அனுப்புவா? எம் மகளுக்கு அந்தக் கழுதையையே குடு" என்றார்.

கழுதையின் முழங்கால்

பிலோமினா போய் இது மூன்றாவது கிறிஸ்மஸ். அடக்கத்துக்குச் சூசை வந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேற்றருகே நின்றார். குழி மூடியதும், யாரோ நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்படியும் நான் கார்டை நிறுத்தவில்லை. அவள் வெட்டிய அச்சிலேயே அடித்து, முதல் கார்டை டயகமவுக்கு அனுப்பிவந்தேன். என்றைக்காவது அவர் வந்து அந்த ஒரு கோப்பையைக் குடித்தால், அவள் ஆரம்பித்த வேலை முடிந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

இந்த வருஷம் கழுதை அச்சு வெடித்துவிட்டது. நானே உட்கார்ந்து புதிதாக வெட்டினேன். பெட்டிக்கு எழுத்து வெட்டும்போது எழுத்திலுள்ள வளையத்தின் நடுத்துண்டு கழன்று விழாமலிருக்க, அங்கங்கே மெல்லிய பாலம் விட்டு வெட்டுவது வழக்கம். அதனால் அடிக்கும்போது எழுத்தில் சிறு இடைவெளி விழும். பழகிய கை கழுதையின் நாலு காலுக்கும் முழங்காலில் பாலம் விட்டுவிட்டது. அப்படிப்பட்ட எழுத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தவறாகவே தெரியவில்லை. முதல் கார்டைத் தபாலில் போட்டுவிட்டு, மீதியை ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். நியாஸ் நானா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அண்ணே, இது பெத்லகேமுக்குப் போற கழுதையா, பெரியாஸ்பத்திரிக்குப் போறதா?"

வந்தவர்

கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொரு காலாக மார்க்கரால் இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். டயகமவுக்குப் போனதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தங்கச்சி வெட்டிய படம் என்று இதுவரை வாங்கி வைத்தவர், இதைப் பார்த்ததும் இனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. தபால்காரர் வாசலைக் கடந்து போகும் ஒவ்வொரு நாளும் நிம்மதியாக இருந்தது.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கதவு தட்டும் சத்தம். திறந்தால் சூசை. தலையில் கம்பளித் தொப்பி, கையில் என் கார்டு. வாங்க என்றேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லிங்களே."

"கண்ணு தெரியலயா? கை நடுங்குதா?"

"இல்லிங்க."

"அப்ப இது ஏன் இப்பிடி?" கார்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "போன வருசம் நல்லாத்தானே நடந்துச்சு. அதுக்கு முந்துன வருசமும் நல்லா நடந்துச்சு. இப்ப நாலு காலும் ஒடிஞ்சு கெடக்கு. தனியாக் கெடக்குற மனுசன், என்னமோ ஆயிருச்சின்னு பஸ் புடிச்சு வாறேன்."

அச்சு வெடித்ததைச் சொன்னேன். பாலம் விட்ட கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பெட்டி அடிக்கிற புத்தி" என்று முனகிக்கொண்டே உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். என் முன்னால் கிடந்த கார்டுகளைப் பார்த்தார். மார்க்கரை எடுத்து, முதலில் தான் கொண்டுவந்த கழுதையின் கால்களைச் சரிசெய்தார். பிறகு என் கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டார், பிறகு இன்னொன்று. லொறி ஓட்டிய கைக்கு நல்ல நிதானம்.

நான் தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. சுவரில் இருந்த தங்கச்சியின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். கோப்பையில் ஆவி அடங்கியது, மேலே ஆடை படிந்தது. கேற்றருகே நின்றுவிட்டுப் போனது போலவே இன்றும் போய்விடுவார் என்று நினைத்தேன். கடைசிக் கழுதையின் கடைசிக் காலை முடித்து, மார்க்கரை மூடி வைத்துவிட்டு, கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"ஆறிப்போச்சு. வேற ஊத்துங்க மாப்ள."

ஒழுங்காக நடந்த கழுதைகளை வருஷம் தவறாமல் அனுப்பிவைத்தோம், ஆனால் டயகமவிலிருந்து ஆளைக் கூட்டிவந்தது முழங்கால் ஒடிந்ததுதான்.