பூஞ்சாணம் போடாத வரிசை

காலை ஐந்தரைக்கு அக்கா போன் செய்தாள். "உங்க மாமா போயிட்டாருடா. வெள்ளரிக் குடில்ல விழுந்து கிடக்குறாரு" என்றாள். பிறகு, "விடியறதுக்கு முன்னாடி அங்க எதுக்குப் போனாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெரு அதற்குப் பதில் கண்டுபிடித்திருந்தது: திருடனைப் பிடிக்கப் போயிருப்பார். மாமாவுக்குச் 'சந்தேகம்' என்றே பட்டப்பெயர். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பார். கடையில் தராசைத் தூக்கி அடியைத் தடவுவார். என் கல்யாணப் போட்டோவில்கூட போட்டோக்காரரை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

அவருடைய சொத்து ஒரு பசுமைக்குடில், அதற்குள் பத்து வரிசை வெள்ளரி. இரண்டு வருஷத்துக்கு முன் மண்ணிலிருந்து வாடல் நோய் ஏறியது. காலையில் நிமிர்ந்து நின்ற கொடி மதியம் ஈரத் துணி மாதிரி தொங்கும். பிடுங்கினால் வேர் பழுப்பாக நசுங்கும். இன்னொரு நடவும் வாடினால் குடிலை மூடிவிட்டு அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். டிரைக்கோடெர்மா, நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்று வளரும் நல்ல பூஞ்சாணம். ஈர எருவில் கலந்து நிழலில் மூடி வைத்தால் பச்சையாகப் படரும். அந்த எருவைச் செடியின் தூரில், வேரை ஒட்டிப் போட வேண்டும்.

மாமா பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "இது மூஞ்சில பூசுற பவுடர்தானே?"

"பூசிப் பாருங்கண்ணே. மூஞ்சியும் வாடாது."

"சிரிக்காதே. உள்ள உயிர் இருக்குதுன்னு என்ன நிச்சயம்? உன் தகரக் கூரைக்குக் கீழ வெந்து செத்திருந்தா?"

வாங்கி வந்தார், நம்பவில்லை. ஐந்து வரிசைக்கு அந்த எருவைப் போட்டார், ஐந்து வரிசையைச் சும்மா விட்டார். போன வருஷம் பத்து வரிசையும் ஒன்றுபோல் காய்த்தன.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மாமா கொதித்தார். "போட்டதும் நிக்குது, போடாததும் நிக்குது. நோய் தானாப் போயிருக்கு. பவுடர் சுத்த ஏமாத்து வேலை." பிறகு வேறு சந்தேகம் வந்தது. வியாபாரத்துக்காகக் கடைக்காரரே ஆள் வைத்து மற்ற வரிசைகளுக்கும் போட்டிருப்பாரோ? பக்கத்துத் தோட்டக்காரரை விசாரித்தார். பூட்டை மாற்றினார். புதுச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினார். கடைசியில், அடுத்த நடவுக்கு அந்தப் பூஞ்சாணமே வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

"நான்தான் போட்டேன்."

"எதை?"

"மிச்ச எருவை. அந்த அஞ்சு வரிசைக்கும். கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா சாகுறதை எப்படிங்க பார்த்துக்கிட்டு நிக்கிறது? போட்டுட்டு மேல மண்ணை இழுத்து மூடிட்டேன்."

மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஊரையே சந்தேகப்பட்டேன். உன்னை விட்டுட்டேனே."

"நீங்க எனக்குப் பண்ண மரியாதை அது ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல, கடைக்காரனுக்குப் பரிதாபப்பட்டு இப்பப் பொய் சொல்றியா?"

ஆகவே இந்த வருஷம் மறுபடியும் சோதனை. ஒன்பது வரிசைக்குப் பூஞ்சாண எரு. கடைசி வரிசைக்கு ஒன்றும் கிடையாது. "வாடினா வாடட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும். நீ தொடக்கூடாது" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினார். போன வாரம் அந்த வரிசையில் வாசல் பக்கச் செடிகள் தலை சாய்ந்தன. மற்ற ஒன்பது வரிசையும் அசையாமல் நின்றன. அக்கா குடிலுக்குள் போவதை நிறுத்தினாள். சாப்பாடு போடும்போது பேசவும் இல்லை. "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எதையோ மறைக்கிறா. உங்கக்கா மேல ஒரு கண் வைடா" என்று எனக்குப் போன் செய்தார். நான் அவரோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

அதனால் விடியுமுன் அவர் குடிலுக்குப் போனது அக்காவைக் கண்காணிக்கத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "சாகுற வரைக்கும் என்னை நம்பலை, பாத்தியா" என்றாள்.

எல்லாம் முடிந்தபின் தண்ணீர் திறந்துவிடக் குடிலுக்குப் போனேன். கடைசி வரிசையின் உட்கோடியில், இன்னும் வாடாத செடிகளின் தூரில், மண் புதிதாக இழுத்து மூடப்பட்டிருந்தது. விரலால் விலக்கினேன். கறுப்பு எரு, அதில் பச்சைப் படலம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் தொடலைடா. சத்தியமா தொடலை" என்றாள்.

வரிசையின் நடுவில், அவர் விழுந்து கிடந்த இடத்துக்கு அருகே, அவர் எரு அளக்கும் நசுங்கிய டம்ளர் சாய்ந்து கிடந்தது. அதற்கு இப்பால், வாசல் பக்கம் உள்ள செடிகளுக்கு இன்னும் எரு போடவில்லை.