துரையின் வெற்றியும் ஊரான் தம்பியும்

எண்பத்திரண்டில் கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு பழைய விடுதியில் சாப்பாட்டு அறை என் பொறுப்பில் இருந்தது. இந்தியாவை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் அவர் துரை.

பிரிட்டன் கையில் மிச்சமிருந்த பாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டது என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து துரைக்கு வயது குறைந்துவிட்டது. இந்தியா போயிற்று, மலாயா போயிற்று, ஆப்பிரிக்காவும் போயிற்று. உலகத்தின் ஓர் ஓரத்தில் கிடந்த அந்தத் தீவுக்குக் கப்பல் கப்பலாகப் படை கிளம்பியது. கப்பல்கள் எதுவரை போயின என்று முட்டையை உடைத்தபடியே அவர் எனக்குச் சொல்வார். எதிரிக் கப்பல் ஒன்று மூழ்கி நூற்றுக்கணக்கானவர்கள் செத்த செய்தி வந்தபோது இன்னொரு கப் காபி கேட்டார். வாழ்ந்து கெட்ட பண்ணையார் தெருவில் போகிறவனை இழுத்துவைத்து அடித்து, தான் இன்னும் பண்ணையார்தான் என்று காட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அதேதான்.

எங்கள் வாட்ச்மேன் ஒரு நேபாளி. அவருடைய தம்பி பிரிட்டிஷ் ராணுவத்தில் கூர்க்கா சிப்பாய். அவனையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து தகவல் வந்திருந்தது. தினமும் வெள்ளனே சமையலறை ஜன்னலில் வந்து நிற்பார்.

"ரேடியோ என்ன சொல்லுது அக்கா?"

துரையிடம் ஒருநாள் வாட்ச்மேனின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். "கூர்க்கா என்ற பேரைக் கேட்டாலே எதிரி ஓடிவிடுவான்" என்று சிரித்தார். அவன் எந்தப் படையில் இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூனில் தீவு திரும்பக் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே விருந்து. கேக்கை நடுவில் வைத்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டு வரச் சொன்னார் துரை. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட வந்து சல்யூட் அடித்தார் அந்த மனிதர்.

"உன் இடுப்பில் இருக்கும் கூர்க்கா கத்தியை எடு. இன்றைக்கு அதை வைத்துத்தான் கேக் வெட்ட வேண்டும்."

அவர் கத்தியை உருவவில்லை. "சாப், நம்ம தம்பி பத்தி ஏதாச்சும் செய்தி?"

"நல்ல செய்திதான்! ஜெயித்துவிட்டோம்!" என்றார் துரை. எல்லோரும் கைதட்டினார்கள்.

வாட்ச்மேன் கத்தியை உருவி வெட்டினார். அலகில் ஒட்டிய கிரீமை எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றார். கையிலிருந்த தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, "என்னால இதைப் பரிமாற முடியாதுங்க" என்றேன்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். அவர் மதுரைக்காரர், நம்மவர். "ஏம்மா, ஒனக்கெதுக்கு இந்தச் சோலி? பெரியவங்க சந்தோசமா இருக்காங்க!"

"இவரு தம்பி உசுரோட இருக்கானான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? செத்துக்கித்துப் போயிருந்தா அதுக்கும் கேக்குதானா?"

துரை என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார். மறுநாள் என்னைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். வாட்ச்மேன்கூட, "ஏன் அக்கா பேசினீங்க? வேலை போயிருந்தா?" என்று கோபித்துக்கொண்டார்.

தம்பி பிழைத்துவிட்டான். அடுத்த வருடம் விடுமுறையில் அண்ணனைப் பார்க்க வந்தான். அவன் சொன்னதை அண்ணன்தான் தமிழில் எனக்குச் சொன்னார். அங்கே மரமே கிடையாதாம். ஆடும் காற்றும் குளிரும்தானாம். கையைத் தூக்கிக்கொண்டு வந்த பையன்கள் குளிரில் விறைத்து அழுதார்களாம். இதற்காகவா இத்தனை பேர் செத்தார்கள்? துரை அவனைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

சில வருடங்களில் அவன் பட்டாளத்தை விட்டு வந்தான். கூட நின்று சண்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைக்கும் பென்ஷனில் சிறு பங்குதான் இவனுக்கு. ராஜ்யத்தின் மானத்தைக் காப்பாற்ற மட்டும் இவன் சரிசமமாக வேண்டியிருந்தது.

கடைசியில் அண்ணன் என்னிடம்தான் வந்து நின்றார். திண்டுக்கல் மில் ஒன்றில் என் மாமா மகன் வேலை பார்த்தார். அவரிடம் சொல்லி, அதன் வாசலில் தம்பிக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன்.